ஃபோர்க்லிஃப்ட் விபத்துகள்: ஓட்டுநர் மட்டும்தான் காரணமா?

‘தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் மோதித் தொழிலாளி உயிரிழப்பு, ஓட்டுநர் மீது வழக்கு’ - மாவட்டச் செய்திப் பக்கங்களில் நான்கு வரிகளில் முடிந்துவிடும் இத்தகைய செய்திகளை அவ்வப்போது கடந்துசெல்கிறோம். இறந்தவரின் பெயர், வயது, சொந்த ஊர், உடல் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பவை அதில் இருக்கும். அந்தச் சொந்த ஊர் சில நேரம் பிஹாரிலோ ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ இருக்கும். மறுநாள் அது குறித்து எந்தச் செய்தியும் வராது. அந்த இடத்தில் நடந்துசெல்வோருக்கெனத் தனிப் பாதை இருந்ததா, வாகனத்தின் ஹாரன் வேலைசெய்ததா, ஓட்டுநர் எத்தனையாவது மணி நேரமாக இருக்கையில் இருந்தார், அவருக்குப் பயிற்சி அளித்தவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்த நான்கு வரிகளில் இடமில்லை. ‘ஓட்டுநர் மீது வழக்கு’ என்பதே விசாரணையின் முடிவாகவும் ஆகிவிடுகிறது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் ஒன்று பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் குறித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டிருக்கிறது. பணி நேரம், ஒப்பந்தத் தொழிலாளர், ஆட்குறைப்பு ஆகியவை குறித்து நிறைய விவாதங்கள் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். ஆனால், ஒரு தொழிற்கூடத்தின் தரையில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எந்திரத்தை முன்வைத்து இந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், பொதுவான விவாதங்களில் தென்படாத சில ஓட்டைகள் தெரியவருகின்றன.

பத்தாண்டுகளுக்கு முன்பு ஃபோர்க்லிஃப்ட் என்பது துறைமுகங்களிலும் பெரிய ஆலைகளிலும் காணப்படும் எந்திரமாக இருந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி அறிமுகமான பிறகு நிலைமை மாறியது. அதற்கு முன்பு, மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் விதிக்கப்படும் மத்திய விற்பனை வரியைத் தவிர்ப்பதற்காக நிறுவனங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் சிறு சிறு குடோன்களை வைத்திருந்தன. அந்தத் தேவை மறைந்ததும், நெடுஞ்சாலையோரங்களில் ஏக்கர்கணக்கில் பரந்து விரிந்த கிடங்குகள் எழுந்தன. இணையவழி வணிகம் அவற்றை இன்னும் பெருக்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம், ஒசூர் பகுதிகளில் பயணம் செய்பவர்கள் அந்தத் தகரக் கூரைகளைப் பார்க்காமல் கடக்க முடியாது. கூரையின் உயரம் கூடக் கூட, முதுகில் மூட்டை சுமந்த லோடுமேனின் இடத்துக்கு ஃபோர்க்லிஃப்ட் வந்தது. முதுகுச் சுமை குறைந்தது பெரிய நன்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், சுமையோடு ஆபத்தின் தன்மையும் மாறியது.

இந்த எந்திரத்தைக் கார் போன்ற ஒரு வாகனமாகக் கருதுவதே பல விபத்துகளுக்குத் தொடக்கப்புள்ளி. இரண்டரை டன் தூக்கக்கூடிய ஒரு சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே மூன்றரை டன்னுக்கும் மேல். அதாவது, சிறிய கார்கள் நான்கைச் சேர்த்து வைத்த எடை. முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடுகொடுப்பதற்காகப் பின்பகுதியில் கனமான வார்ப்பிரும்பு எடை பொருத்தப்பட்டிருக்கும். திரும்புவது பின்சக்கரங்களால், ஆகவே, ஓட்டுநர் இடப்பக்கம் திருப்பும்போது வண்டியின் பின்பகுதி வலப்பக்கமாக வீசிக்கொண்டு போகும். கார் ஓட்டிப் பழகியவரின் கைக்கும் கண்ணுக்கும் இது முற்றிலும் புதிது. பக்கத்தில் நிற்பவருக்கோ வண்டி தன்னைத் தாண்டிப் போய்விட்டதாகத் தோன்றும் நொடியில்தான் அதன் பின்பகுதி அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்குகிறது.

நான்கு சக்கரங்கள் இருந்தாலும் இது நிற்பது மூன்று புள்ளிகளில்தான். முன்சக்கரங்கள் இரண்டு, பின் அச்சின் நடுவில் உள்ள சுழல் மையம் ஒன்று. இந்த மூன்றையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் வண்டி, சுமை இரண்டின் கூட்டு ஈர்ப்பு மையம் இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் கவிழும். சுமை முன்னால் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தாலும், உயர்த்திய சுமையோடு வேகமாகத் திரும்பினாலும், சரிவில் குறுக்காக ஓட்டினாலும் அந்த மையம் நகர்ந்துவிடும். சுமையே இல்லாத வண்டிக்கு ஆபத்து குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. காலியாக இருக்கும்போது எடை முழுவதும் பின்பக்கம், முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கிப் போய்விடுகிறது. அதனால், காலி வண்டியை வேகமாகத் திருப்பும்போது பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. ‘லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியைத்தானே ஓட்டினான்’ என்று விபத்துக்குப் பிறகு வியப்போடு சொல்லப்படுவதற்கு அறிவியலில் பதில் இருக்கிறது.

வண்டியின் உடலில் ஒட்டப்பட்டிருக்கும் திறன் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ‘2,500 கிலோ’ என்று மட்டும் எழுதியிருக்காது. ‘500 மில்லிமீட்டரில்’ என்றும் எழுதியிருக்கும். கவையின் செங்குத்துப் பகுதியிலிருந்து சுமையின் மையம் அரை மீட்டர் தொலைவில் இருக்கும்போது மட்டுமே அந்த இரண்டரை டன் பொருந்தும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்டியைத் தூக்கினால் மையம் தள்ளிப்போகும். அப்போது அதே வண்டியால் இரண்டு டன்னைக்கூடப் பாதுகாப்பாகத் தூக்க முடியாமல் போகலாம். உயரம் கூடினால் இன்னும் குறையும். கவையில் கூடுதல் கருவி எதையாவது மாட்டினால், தகட்டில் உள்ள எண்ணே செல்லாது. அந்தத் தகடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பழைய வண்டிகளில் அழிந்தும் போயிருக்கிறது. தூக்க வேண்டிய பெட்டியின் எடை எவ்வளவு என்பது ஓட்டுநருக்குச் சொல்லப்படுவதும் அரிது.

வண்டி கவிழத் தொடங்கும்போது மனித இயல்பு குதிக்கச் சொல்கிறது. உயிரைப் பறிப்பது அந்த இயல்புதான். வண்டி விழும் பக்கமாகவே குதிப்பவரின் மீது தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கூண்டின் இரும்புச் சட்டம் விழுகிறது. இருக்கைப் பட்டையை அணிந்து, கைப்பிடியை இறுகப் பற்றி, கால்களை ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து இருக்கையிலேயே இருப்பவர் பிழைக்க வாய்ப்பு மிக அதிகம். இயல்புக்கு எதிரான இந்தச் செயலை ஒருவர் அறிவுரை கேட்டுச் செய்துவிட முடியாது, பழகியிருக்க வேண்டும். பயிற்சி என்பது வெறும் ஓட்டத் தெரிவது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம், 1980 முதல் 1994 வரை அந்நாட்டில் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பாக நிகழ்ந்த 1,021 மரணங்களை ஆராய்ந்தது. வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள் 22 சதவீதம். நடந்துகொண்டிருந்தபோது வண்டி மோதி இறந்தவர்கள் 20 சதவீதம். வண்டியால் நசுக்கப்பட்டவர்கள் 16 சதவீதம். வண்டியிலிருந்து விழுந்தவர்கள் 9 சதவீதம். இந்த எண்கள் பழையவைதான், வேறொரு நாட்டுடையவைதான். ஆனால், எந்திரத்தின் இயற்பியல் எல்லை தாண்டினால் மாறுவதில்லை. இந்தியாவில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் மட்டும் 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,100 பேருக்கு மேல் விபத்துகளில் இறந்திருக்கிறார்கள் என்கின்றன மத்திய அரசின் தொழிற்சாலை ஆலோசனைப் பணிகள் இயக்ககத்தின் தரவுகள். நாளொன்றுக்கு மூன்று பேர். பொருள்களைச் சேமித்து வைத்து அனுப்புவதோடு நின்றுவிடும் கிடங்குகள் தொழிற்சாலைகள் சட்டத்தின் ‘உற்பத்திச் செயல்பாடு’ என்னும் வரையறைக்குள் வராததால், அங்கே நிகழும் மரணங்களுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

நடந்துசெல்பவர் மீது மோதும் விபத்துகளைப் பார்ப்போம். கண்ணுக்கு எதிரே மார்பளவு உயரத்துக்கு மேல் சுமை இருந்தால் ஓட்டுநருக்கு முன்னால் எதுவும் தெரியாது. அப்போது பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்பது விதி. எட்டு மணி நேரமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டுவது எவ்வளவு வலி என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அனுபவசாலிகள்கூடச் சுமையின் ஓரமாக எட்டிப் பார்த்தபடி முன்னோக்கி ஓட்டுகிறார்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்பது சாலையில் ஆமை வேகம். ஆனால், அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குள் ஏறத்தாழ மூன்று மீட்டரைக் கடந்துவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு நொடி ஆகிவிடுகிறது. இரு பக்கமும் உயர்ந்த அடுக்குகளுக்கு நடுவே, குறுகிய சந்தின் முனையில் யார் வருகிறார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. எந்திரங்களின் இரைச்சலில் ஹாரன் கேட்பதில்லை. ஓயாமல் ஒலிக்கும் பின்னோட்ட எச்சரிக்கை மணியோ காதுக்குப் பழகிப்போய் எச்சரிக்கையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. சில இடங்களில் ‘தலைவலி’ என்று சொல்லி அந்த மணியின் இணைப்பைத் துண்டித்தும்விடுகிறார்கள்.

இங்கெல்லாம் ‘கவனமாக இருங்கள்’ என்ற பலகையால் பயன் ஏதுமில்லை. அந்தப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க, அதன் கீழ் வேலைசெய்பவர் போஜ்புரியோ ஒடியாவோ பேசுபவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். நடப்பவரும் வண்டியும் ஒரே பாதையில் சந்திக்காதபடி கிடங்கை வடிவமைப்பதுதான் முதல் தீர்வு. தனி வாயில், இரும்புத் தடுப்போடு கூடிய நடைபாதை, சந்து முனைகளில் குவி ஆடி - இவற்றுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஆனால், நடைபாதைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு சதுர அடியும் சரக்கு வைக்க முடியாத இடம். கிடங்கின் வாடகை சதுர அடிக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டு, பண்டிகைக் காலம் வந்ததும் அந்தக் கோட்டின் மேலேயே பேலட்டுகளை அடுக்குவது இதனால்தான்.

மூன்றாவதாக, நம் நாட்டில் மிகச் சாதாரணமாகிவிட்ட ஒரு காட்சி: கவையின் மேல் வெறும் மரப் பேலட்டை வைத்து, அதில் ஒருவரை நிற்கவைத்து மேலே தூக்குவது. மின்விளக்கை மாற்ற, கூரை ஒழுக்கை அடைக்க, உச்சி அடுக்கில் உள்ள பெட்டிகளை எண்ண என்று அதற்கு ஆயிரம் காரணங்கள். பேலட் கவையோடு பூட்டப்பட்டிருப்பதில்லை. மேலே நிற்பவர் ஓரத்துக்கு ஓர் அடி நகர்ந்தால் அது சறுக்கும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுபவர் பிழைப்பது அரிது. ஏணியோ ஆள் ஏற்றும் மேடையோ வாடகைக்கு எடுக்க ஒரு நாள் ஆகும். ஃபோர்க்லிஃப்ட் கையருகே இருக்கிறது. மேற்பார்வையாளரே ‘ஏறு’ என்று சொல்லும்போது மறுக்கக்கூடிய நிலையில் ஒப்பந்தத் தொழிலாளி இல்லை.

லாரியிலிருந்து சரக்கு இறக்கும் மேடை, தேய்ந்த சங்கிலி, கசியும் ஹைட்ராலிக் குழாய் என்று பட்டியல் நீளும். கவையின் குதிகால் பகுதி பத்து சதவீதம் தேய்ந்தால் அதன் தாங்குதிறன் இருபது சதவீதம் குறைகிறது என்பது பராமரிப்பாளர்கள் அறிந்த கணக்கு. சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து லாரி ஓட்டுநர் வண்டியை நகர்த்துவதும், மேடைக்கும் லாரிக்கும் நடுவில் ஃபோர்க்லிஃப்ட் விழுவதும் உலகெங்கும் நடக்கின்றன. லாரியின் சக்கரத்தின் கீழ் வைக்கப்படும் ஒரு மரக்கட்டை அதைத் தடுத்திருக்கும்.

ஆனால், நம் சூழலுக்கே உரிய காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், நான் சாவியைத்தான் சொல்வேன். மதிய உணவுக்குப் போகும் ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நிற்கிறது. ‘ஒரே ஒரு பேலட்டுதானே’ என்று சுமை தூக்கும் இளைஞர் ஏறி அமர்கிறார். ஓட்டுநர் ஓட்டுவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். யாரும் தடுப்பதில்லை, சில வாரங்களில் அவரே ‘பாதி ஓட்டுநர்’ ஆகிவிடுகிறார். ஓட்டுநருக்கும் சுமைதூக்குபவருக்கும் சம்பளத்தில் வேறுபாடு இருக்கும்வரை, இந்த ஏற்பாடு நிர்வாகத்துக்கு ஆதாயம். இளைஞருக்கோ அது பதவி உயர்வின் முதல் படி. இரு தரப்பும் விரும்பும் ஒரு விதிமீறலைப் பலகை எழுதித் தடுக்க முடியாது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டவே உரிமம் வேண்டும். ஆனால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலைக்குள் அல்லது மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படும் சிறப்பு வகை வாகனங்களை ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைத்திருக்கிறது. அதே சமயம், அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள மத்திய விதிகள், கட்டுமானக் கருவி வாகனங்களின் பட்டியலில் ஃபோர்க்லிஃப்ட்டையும் சேர்த்திருக்கின்றன. ஆக, வாயிலுக்கு வெளியே வந்தால் வாகனம். உள்ளே இருந்தால் வெறும் எந்திரம். எந்திரமாகவாவது அது தெளிவாக வரையறுக்கப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் எந்திரங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதிபெற்ற நபரைக் கொண்டு முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. அது தந்த பட்டியலில் கிரேன், வின்ச், கப்பி எல்லாம் உண்டு, ஃபோர்க்லிஃப்ட்டின் பெயர் இல்லை. பொறுப்புள்ள நிறுவனங்கள் சோதனைச் சான்றிதழ் பெற்று வைத்திருந்தன என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் 1999 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதி எளிமையானது: வகுப்பறைப் பயிற்சி, செய்முறைப் பயிற்சி, வேலை செய்யும் இடத்திலேயே மதிப்பீடு ஆகிய மூன்றையும் முடித்தவர் என்று முதலாளி சான்றளிக்காமல் யாரும் ஓட்டக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு செய்ய வேண்டும். விபத்து நடந்தாலோ, நூலிழையில் ஒரு விபத்து தவறினாலோ உடனே மறுபயிற்சி தர வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, சான்றளிக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில் வைத்ததுதான். நம் நாட்டிலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களுக்கான திறன் பயிற்சிகள் இருக்கின்றன. தொழிலக வண்டிகளுக்கான இந்தியத் தர நிர்ணயப் பாதுகாப்பு நெறிமுறையும் இருக்கிறது.

புதிய சட்டத் தொகுப்பு சில கதவுகளைத் திறந்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைசெய்யும் எந்த நிறுவனமும் அதன் வரம்புக்குள் வரும் என்பதால், இதுவரை வெளியே இருந்த கிடங்குகளும் உள்ளே வருகின்றன. பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டிய வரம்பு தொழிற்சாலைகளுக்கு 1,000 தொழிலாளர் என்பதிலிருந்து 500ஆகக் குறைந்திருக்கிறது. விதிமீறலால் தொழிலாளி இறந்தால் விதிக்கப்படும் அபராதம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இவை வரவேற்க வேண்டியவை.

மூடப்பட்ட கதவுகளும் உண்டு. மின்விசையோடு இயங்கும் கூடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான எண்ணிக்கை 10இலிருந்து 20ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. முதன்மைப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பயன்படுத்தத் தடை விதிக்கும் சட்டம், ஒரு நிறுவனம் அதற்கெனவே தொடங்கப்பட்டதாக இல்லாதபட்சத்தில், ஏற்றுதல் இறக்குதல் பணியை முதன்மைப் பணி அல்ல என்று வகைப்படுத்திவிடுகிறது. துப்புரவு, காவல், உணவகம், தோட்டப் பராமரிப்பு ஆகியவற்றோடு அது ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆலையிலேயே அதிகம் பேரைக் கொல்லக்கூடிய எந்திரங்களில் ஒன்றைக் கையாளும் பணி தோட்ட வேலையின் அருகில் வந்து நிற்கிறது. ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டிய வரம்பும் 20 தொழிலாளரிலிருந்து 50ஆக உயர்ந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஒரு நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு, ஓட்டுநர் ஒரு ஒப்பந்ததாரரிடமிருந்து, சுமைதூக்குபவர்கள் இன்னொருவரிடமிருந்து, கிடங்கு வேறொருவருடையது என்றிருக்கும் இடத்தில், பயிற்சி அளிக்க வேண்டியது யார் என்ற கேள்வி நான்கு மேசைகளுக்கு இடையே சுற்றிக்கொண்டிருக்கும்.

விபத்து நடந்த பின் அந்தக் கேள்வி சுற்றுவதில்லை. நேராக ஓட்டுநரிடம் வந்து நிற்கிறது. பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. பாதுகாப்புக் கடமையிலிருந்து தவறித் தொழிலாளியின் மரணத்துக்குக் காரணமான நிறுவனத்தின் பொறுப்பாளருக்குப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் விதிக்கக்கூடிய சிறைத் தண்டனையோ அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். அல்லது அபராதத்தோடும் முடிந்துவிடலாம். பன்னிரண்டாவது மணி நேரத்தில், பிரேக் சரியில்லாத வாடகை வண்டியை, நடைபாதை இல்லாத சந்தில் ஓட்டியவருக்குத் தண்டனை அதிகம். அந்த மூன்றையும் அப்படியே விட்டுவைத்தவருக்குக் குறைவு. ஓட்டுநரின் பிழையே இல்லை என்று வாதிடுவதற்கில்லை. வேகத்தைக் குறைக்காமல் திரும்பியது அவர்தான். ஆனால், அவரைச் சிறைக்கு அனுப்பிய மறுநாளும் அதே சந்தில், அதே வண்டியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

சட்டத் தொகுப்பின் 18ஆம் பிரிவு, பணியிடப் பாதுகாப்புக்கான தர நிர்ணயங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கென அத்தகைய ஒன்றை வகுக்கும்போது, மூன்று அம்சங்களையாவது அதில் சேர்க்க வேண்டும். ஓட்டுநருக்கு முதன்மை நிறுவனத்தின் சான்று கட்டாயம். ஒப்பந்ததாரரின் சான்று அதற்கு ஈடாகாது. வண்டிக்கு ஆண்டுச் சோதனை. அதன் முடிவு ஓட்டுநர் படிக்கக்கூடிய மொழியில் வண்டியிலேயே ஒட்டப்பட வேண்டும். நடப்பவர் பாதை தனியாகக் காட்டப்படாத கிடங்கு வரைபடத்துக்கு ஒப்புதல் இல்லை. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், விபத்து விசாரணைகளின் முடிவுகளைப் பெயர்களை நீக்கிவிட்டுப் பொதுவெளியில் வெளியிட்டால், ஒரகடத்தில் நடந்த தவறு ஒசூரில் மீண்டும் நடக்காமல் தடுக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

நிறுவனங்கள் எந்த விதிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. சாவிக்குப் பதிலாக, சான்று பெற்ற ஓட்டுநரின் அடையாள அட்டையைத் தொட்டால் மட்டுமே இயங்கும் பூட்டுகள் சந்தையில் இருக்கின்றன. இருக்கைப் பட்டையைப் பூட்டாவிட்டால் வண்டி நகராத அமைப்புகளும் இருக்கின்றன. புதிய வண்டி வாங்கும்போது, கவையின் நீளத்தையும் பேட்டரியின் திறனையும் கேட்பதுபோல இவற்றையும் கேட்டு வாங்கலாம். பழைய வண்டி என்றால், உணவு இடைவேளையில் சாவியை மேற்பார்வையாளரின் அறையில் உள்ள ஆணியில் மாட்டச் சொன்னால் போதும்.